ஒரு கொம்பு நீலம்

எருத்தேன்பதியில் என் கலையால் பலனடைந்தவை காளைகள் மட்டும்தான். வருஷம் முழுக்க நான் கித்தானில் பூசும் பட்டையையும் திட்டையும் பார்த்து, "இது என்னங்க?" என்று கேட்டுச் சலித்த ஊர், மாட்டுப்பொங்கலன்று மட்டும் என்னை ஓவியனாக ஒப்புக்கொள்ளும். கொம்புக்கு வர்ணம் அடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பொங்கல். புரையை அறுத்து எடுக்கப்போய் வலது கண்ணே போயிருந்தது. இடது கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அதில் கத்தி வைக்கக் கோயமுத்தூர் டாக்டருக்கே தைரியமில்லை. நீலம் தெரிகிறவரை நான் குருடனில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, நீலத்தை மட்டுமே வரைந்துவந்தேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் காளைக்கு இரண்டு கொம்பிலும் நீலம் கேட்டார். அடித்து முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏனுங்க, ஒரு கொம்பு நீலம், ஒரு கொம்பு பச்சை! வேலந்தாவளம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா, ரெண்டு மாட்டை ஒட்டவெச்சதான்னு கேப்பாங்கொ. உங்க குசும்பு எப்பத்தான் போகுமுங்க?"

"ஒரே வர்ணம்னா காளைக்கே சலிச்சுப்போயிருமுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கண்ணுக்கு இரண்டு கொம்பும் ஒரே நீலம்.

வீட்டுக்கு வந்து, நான் நீலமென்று வரைந்திருந்த படத்தின் முன்னால் மனைவியை நிறுத்தினேன்.

"இது என்ன நிறம்?"

"வெளையாடறீங்களா?"

"சொல்லு."

"பச்சைங்க. அங்கங்கே நீலம்."

"அந்தப் பக்கத்துப் படம்?"

"முச்சூடும் பச்சை."

"எப்போதிருந்து?"

"போன மழையில இருந்துங்க. படம் வாங்கற மெட்ராஸ்காரரு வந்து, புதுசா இருக்குதுன்னு புகழ்ந்தாரில்ல? நீங்களும் தலையாட்டுனீங்க. வேணும்னுதான் அடிக்கறீங்கன்னு நெனச்சேன்."

புரியாத படம் வரைகிறவனுக்குக் கண் போனாலும் யாருக்கும் தெரியாது. அப்படியொரு தொழிலாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன்.

"நீல டியூபை எடு."

எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் மொத்தத்தையும் பிதுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். மூக்கில் ஒட்டியது. எண்ணெய் வாசம்தான் வந்தது.

"இது நீலம்தானே?"

"ஆமாங்க."

"சத்தியமா?"

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் சிரிப்புச் சத்தம். "ஏனுங்க, எங்க மாட்டுக்கும் அதே மாதிரி அடிச்சுக் குடுங்க!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"இதோ வர்றனுங்க" என்றேன். அவள் பிடியை விடவில்லை.