அக்கா பாதி நெய்த கண்டாங்கி

என் அக்கா எழுபத்து நாலாம் ஆண்டு கொட்டகலை ஸ்டேஷனில் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போனாள். எனக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கு இருபத்தொன்று; கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மச்சான் வீட்டார் பிரஜாவுரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அப்பா சாவதற்கு முன் எங்கள் குடும்பத்தை இலங்கைக்கு எழுதிப் போட்டுவிட்டார். அதனால் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம்.

பஞ்ச காலம். மாவும் இல்லை, அரிசியும் இல்லை. தோட்டத்தில் கீரையையும் மரவள்ளிக் கிழங்கையும் தின்று நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்தியத் துணி கடைகளுக்கு வருவதே நின்றுபோயிருந்தது. அக்கா கோச்சி ஏறும்போது கட்டியிருந்தது அம்மாவின் பழைய சேலை. கொசுவத்துக்குள் மறைந்த பக்கம் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. பிளாட்பாரம் முழுக்க அழுகை. அம்மா மட்டும் அழாமல், ஜன்னல் வழியாக அக்காவின் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டே இருந்தாள். கோச்சி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் அந்த முந்தானை அம்மாவின் கையில் இருந்தது.

மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு அவர்கள் காரைக்குடிப் பக்கம் போனார்கள். மச்சானின் தாத்தா புறப்பட்டு வந்த ஊர் அங்கேதான். சொந்தக்காரர்கள் ஒரு வாரம் சோறு போட்டுவிட்டு, பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அக்கா எழுதினாள். ஊரில் அவர்களை ‘சிலோன்காரங்க’ என்றார்களாம். கடைசியில் தறி வைத்திருந்த ஒரு நெசவாளர் வீட்டில் வேலை கிடைத்தது. மச்சான் நூலுக்குச் சாயம் போடப் போனார். அக்கா ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்காவின் கடிதங்களை நான்தான் படிப்பேன். அம்மா சொல்லச் சொல்லப் பதிலும் நான்தான் எழுதுவேன். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அம்மா அடுப்புப் பக்கம் உட்காருவாள். “படி புள்ள” என்பாள்.

முதல் இரண்டு வருடம் கடிதங்களில் கஷ்டம்தான் இருந்தது. பிறகு, எப்போது என்று தெரியாமல், சேலைகளைப் பற்றிய பேச்சு வர ஆரம்பித்தது. அந்தத் தறிக்காரர் வீட்டம்மா நல்ல மாதிரி. பிள்ளை இல்லாதவர். பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றும் அக்காவிடம் ஊர் ஊராகச் சேலைகளைப் பற்றிப் பேசுவாராம். அதையெல்லாம் அக்கா எங்களுக்கு எழுதினாள்.

“காஞ்சிபுரத்துல பட்டுச் சேலைக்கு ஒடம்பு ஒரு நெறம், கரை வேற நெறமாம். தனித்தனி நூலு. நெய்யும்போதே ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து விட்டுருவாங்களாம். சேலை கிழிஞ்சாலும் கரை பிரியாதாம் அம்மா. மதுரைச் சுங்குடியில உள்ள புள்ளி நெய்யிறது இல்லை. துணியை முடிச்சு முடிச்சாக் கட்டிச் சாயத்துல முக்குறது. இங்க நாங்க போடுறது கண்டாங்கி. பெரிய பெரிய கட்டம், அகலமான கரை. தடிச்ச பருத்தி நூலு. நம்ம மலைக் குளிருக்கு நல்லா இருக்கும்னு நெனச்சுக்குவேன்.”

அம்மா இந்த இடங்களை இரண்டு தரம் படிக்கச் சொல்வாள். காஞ்சிபுரத்துக் கரை பிரியாது என்பதை மறுநாள் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரைப் பெண்களிடம் சொல்லிவிட்டு வருவாள். எங்கள் லயத்தில் யாரும் காஞ்சிபுரம் பட்டைத் தொட்டதில்லை.

எழுபத்தெட்டில் அக்கா தறியில் உட்கார்ந்துவிட்டதாக எழுதினாள். தறிக்கார அம்மாவுக்கு முழங்கால் வலி. மிதிக்க முடியாதபோது அக்கா மிதித்துப் பழகிக்கொண்டாளாம். அதே கடிதத்தின் அடியில், இருமல் வருகிறது, பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலெல்லாம் அந்த இருமல் ஏதாவது ஒரு மூலையில் இருந்தது. “ஒடம்பப் பாத்துக்கச் சொல்லி எழுது. ராத்திரியில மல்லி, சுக்கு போட்டுக் குடிக்கச் சொல்லு” என்பாள் அம்மா. நானும் எழுதுவேன்.

எண்பதில் எனக்குப் பதினேழு வயது. கொட்டகலையில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இந்தியத் துணி கடைகளுக்குத் திரும்பி வந்திருந்தது. பஜாரில் கடை வைத்திருந்தவர்களின் பெண்கள் பாடசாலை விழாவுக்கு இந்தியச் சேலை கட்டி வந்தார்கள். நான் அம்மாவின் பூப்போட்ட நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு போய், விழா முடியும்வரை பின் வரிசையில் நின்றேன். அந்த வாரம் அம்மா சொன்ன கடிதத்தை எழுதி முடித்ததும், ஒட்டுவதற்கு முன், கீழே இருந்த இடத்தில் நானாக ஒரு வரி சேர்த்தேன்.

“அக்கா, எனக்கு ஒரு கண்டாங்கிச் சேலை உன் கையால் நெய்து அனுப்புவாயா?”

அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. அக்காவின் இருமல் எனக்குத் தெரியும். எல்லாக் கடிதத்தையும் படித்தவள் நான்தானே. தெரிந்துதான் எழுதினேன்.

அதற்குப் பதிலாக வந்த கடிதத்தில் அக்கா சேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. மறுவருடம் சித்திரை முடிந்து, மச்சானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மச்சான் அதுவரை எழுதியதே இல்லை. நான்கு வரி. அக்கா பங்குனி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள், நெஞ்சுச் சளிதான், எல்லாம் முடிந்துவிட்டது, நீங்கள் வர முடியாது என்பதால் தந்தி கொடுக்கவில்லை.

நான் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவள் இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். “என்னா புள்ள, படி” என்றாள். அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“யாரு? மாப்பிள்ளையா, அவளா?”

“அக்கா.”

செய்தி கேட்டு லயத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிரேதமில்லாத வீட்டில் எப்படி அழுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்கினாள். நடுவில் அம்மா, “பங்குனிக் கடைசி வெள்ளி என்னா நடந்துச்சு?” என்று கேட்டாள். எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அம்மா மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்தாள். நான் தேர் பார்த்துவிட்டு வளையல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்றாள்.

ஆவணியில் அந்தப் பார்சல் வந்தது. கொட்டகலை பஜாரில் கடை வைத்திருந்த ஒருவர் கப்பலில் ராமேஸ்வரம் போய், கோயில்களெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். அவர் புறப்படும்போது அம்மா மச்சானின் விலாசத்தைக் கொடுத்து, முடிந்தால் பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பார்த்து வரச் சொல்லியிருந்தாள். அவர் போய் வந்தார். மச்சான் வேறு ஊருக்கு வேலை தேடிப் போயிருந்தாராம். தறிக்கார அம்மாதான் இடத்தைக் காட்டி, ஒரு துணிப்பையையும் கொடுத்துவிட்டிருந்தார். பைக்குள் ஒரு சேலை, ஒரு கடிதம்.

அரக்குச் சிவப்பில் கடுகு மஞ்சள் கட்டங்கள். ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புக் கரை. அம்மா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். கூடைக் கயிறும் கொழுந்துக் காம்பும் அறுத்து அறுத்து அவள் விரல்கள் மரத்துப்போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் முந்தானையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக்கொண்டே போனாள். பாதிக்கு மேல் போய் ஓரிடத்தில் கை நின்றது. முன்னும் பின்னுமாகத் தடவிப் பார்த்தாள்.

“இந்த எடத்துல கை மாறியிருக்கு” என்றாள். “இதுவரைக்கும் நெருக்கமா இருக்கு. இதுக்கு அங்கிட்டு எளக்கமா இருக்கு.”

எனக்கும் தடவிக் காட்டினாள். பார்த்தால் தெரியாது. விரலுக்குத்தான் தெரிந்தது.

“கடுதாசியப் படி.”

நான் பிரித்தேன். அந்தக் கடிதம் எனக்கு இன்றைக்கும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

“அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகளை என் மகள் மாதிரித்தான் வைத்திருந்தேன். இந்தச் சேலையை அவள் தங்கச்சிக்காக நெய்தாள். தங்கச்சி ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள் என்று சொன்னாள். பகலில் என் வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் தறியில் உட்காருவாள். இருமலோடு வேண்டாம், உடம்பு தேறட்டும் என்று எத்தனையோ சொன்னேன். கேட்கவில்லை. பாதிக்கு மேல் நெய்துவிட்டாள். அப்புறம் முடியவில்லை. தறியில் இருந்த பாவு நூலை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. மீதியை நான் நெய்தேன். என் கைக்கு அவள் நெருக்கி அடிக்கும் அடி வராது, மன்னிக்கவும். தங்கச்சியைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.”

முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரிக்குக் கண் போனதும், வாய் தானாக வேறு சொன்னது.

“இந்தச் சேலையை அவ அம்மாவுக்காக நெய்ஞ்சா.”

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ‘தங்கச்சி ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள்’ என்ற வரியைத் தாண்டினேன். இருமலைத் தாண்டினேன். ‘தங்கச்சியை’ என்ற இடத்தில் ‘நீங்கள்’ என்று வைத்துப் படித்தேன். அம்மா அசையாமல் கேட்டாள். முடிந்ததும் சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு, அக்கா கோச்சி ஏறிப் போன ஏழு வருடத்தில் முதல் தரமாக, சத்தம் போட்டு அழுதாள்.

“எனக்குன்னு நெய்ஞ்சிருக்கா. நான் ஒண்ணும் கேக்கலியே அவகிட்ட. கேக்காமலே நெய்ஞ்சிருக்கா.”

அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போனதும் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அம்மா அதைக் கட்டினாள். தடித்த சேலை, அவளுக்குக் கொசுவம் பிடிக்க வராது. நான் முழங்காலில் உட்கார்ந்து மடிப்பு மடிப்பாக எடுத்துக் கொடுப்பேன். அப்படிக் கட்டும்போது அக்கா நெய்த பகுதி முதுகிலும் தோளிலும் வரும். தறிக்கார அம்மா நெய்தது இடுப்பில் செருகிக்கொள்ளும். கோயிலில் யார் கேட்டாலும் அம்மா நின்று பதில் சொல்வாள். “மூத்த மக எனக்காக நெய்ஞ்சது. சாகுறதுக்கு முந்தி.” நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

எண்பத்து மூன்றில் கலவரம் வந்தது. அதற்குப் பிறகு கப்பலும் நின்றுபோனது. மச்சான் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போயிற்று. மறுவருடம் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. வேலையில் சேரும் நாள் காலையில் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து கண்டாங்கியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இதைக் கட்டிட்டுப் போ. நம்ம குடும்பத்துல மொத டீச்சர். அக்காவும் கூட வந்த மாதிரி இருக்கும்.”

“வேணாம்மா.”

“ஏன்?”

“தடிப்பா இருக்கு. பஸ்ல ஏறி எறங்க ஏலாது.”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அக்கா நெய்ஞ்சதக் கட்ட ஒனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லி, நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா பாடசாலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான்கு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் அந்தச் சேலையைக் கட்டிக்கொள் என்று அவள் என்னிடம் மறுபடி சொன்னதே இல்லை.

எண்பத்தேழு மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் படுத்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்கள் பெட்டியைத் திறந்து கண்டாங்கியை எடுத்தார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்த சின்னம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அம்மாவோடு ஒரே நிரையில் இருபது வருடம் கொழுந்து எடுத்தவர்.

“நல்ல சேலை. மண்ணுக்குப் போகணுமா? நீ வச்சுக்க புள்ள.”

“அது அம்மாவோடது சின்னம்மா. கட்டி விடுங்க” என்றேன்.

கட்டினார்கள். தேயிலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் அம்மாவைப் புதைத்தோம். பெண்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. நான் மட்டும் போனேன், எனக்குத் துணையாகச் சின்னம்மா. திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒதுங்கினோம். ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். அங்கே வைத்து, நான் எழுதிய வரியையும் படிக்காமல் விட்ட வரிகளையும் சின்னம்மாவிடம் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாமல் போயிற்று, அதனால் இருக்கலாம்.

சின்னம்மா தலைத் துணியை அவிழ்த்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்கம்மா ஒன்ன வைஞ்சிருக்கும். ரெண்டு அடிகூட வச்சிருக்கும்” என்றார். பிறகு தலைத் துணியைப் பிழிந்தபடி சொன்னார். “அப்புறம் ஒங்கம்மாவே அந்தச் சேலைய ஒனக்குக் கட்டி விட்டிருக்கும்.”