சிவப்புத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு

இதை எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கத் தெரியாது. ரோபோ என்ற சொல்லைச் சொல்லவே அப்போது கூச்சமாக இருந்தது. வீட்டில் 'வண்டி' என்றுதான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிள்ளானிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் ரேடியோ செய்யும் தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். லைனில் நின்றபடி சாலிடர் வைக்கும் வேலை. நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. எங்கள் பகுதியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ரிப்பேர் மேசை மட்டும்தான். அங்கே ஓர் இடம் காலியானது. கேட்க எனக்குத் தைரியம் வருவதற்குள் தீபாவளி நெருங்கிவிட்டது.

சூப்பர்வைசர் நம் ஆள், என்னைவிட இளையவர். "சாலிடர் வைக்கத் தெரிஞ்சா பத்தாதுக்கா. கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கணும் லா. நீங்களே ஏதாச்சும் செஞ்சு வைங்க. தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு உங்க வீட்டுக்கு வரப்ப பாக்குறேன்" என்றார்.

கோலாலம்பூர் பாசார் ரோட்டில் எலக்ட்ரானிக் சாமான் வாங்கப் போனேன். கடையில் தொங்கிய ஆங்கிலப் பத்திரிகையில், தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி ஒன்று இருந்தது. எழுத்து பாதிதான் புரிந்தது. சர்க்கியூட் படம் புரிந்தது. "பிள்ளையோட ஸ்கூல் புரொஜெக்டா, ஆன்டி?" என்றார் கடைக்காரர். தலையை ஆட்டிவிட்டேன்.

வேலை முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்குமேல் மிஞ்சிய உடம்பை வைத்துக்கொண்டு அதைச் செய்தேன். பிஸ்கட் டின் மூடி, பொம்மைக் கார் மோட்டார் இரண்டு, வெளிச்சத்தை உணரும் கண் இரண்டு. லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என் லோரியே நேரா போக மாட்டேங்குது. உன் பிஸ்கட் டின்னு போயிடுமா?" என்றார்.

எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்டு. கறுப்பு டேப் ஒட்டினால் வண்டியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. வெள்ளை டேப் வளைவில் சுருங்கியது. கடைசியில் கோலமாவை எடுத்து, வாசலிலிருந்து சமையலறை வரை வளைத்து ஒரு கோடு இழுத்தேன். வண்டி அதன்மேல் அழகாக ஓடியது. அன்றைக்கு நான் சாப்பிடவும் மறந்தேன்.

வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸ் ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் காலோடு உள்ளே வந்தார்கள். கோட்டை மிதிக்காதீர்கள் என்று விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? கூட்டம் குறையும்போதெல்லாம் குனிந்து மாவைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சூப்பர்வைசரும் கோட்டின்மேல்தான் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஓட விடுங்கக்கா" என்றார்.

வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு வளைவில் கோட்டை விட்டு விலகி, அவருடைய வெள்ளைக் காலடித் தடங்களைப் பிடித்துக்கொண்டு அவரிடமே போனது. நாற்காலியடியில் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"போச்சு, பாஸ் கால்ல விழுந்து வேல கேக்குதுடா" என்றார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

சூப்பர்வைசரும் சிரித்தார். பிறகு, "சரிக்கா, கோளாறு எங்க? சொல்லுங்க" என்றார்.

சிரிப்பதற்காக அவர் கேட்கவில்லை. ரிப்பேர் மேசைக்கான கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். கால்மேல் கால் போட்டிருந்தார். உள்ளங்காலில் மாவு அப்பியிருந்தது. என் வீட்டுக்கு வந்து, என் கையால் சாப்பிடுகிற மனுஷனிடம், அத்தனை பேர் முன்னால், உங்கள் கால்தான் கோளாறு என்று எப்படிச் சொல்வேன்?

"பேட்டரி வீக்கா இருக்கும் சார்" என்றேன்.

அவர் குனிந்து வண்டியைத் தூக்கினார். சக்கரங்கள் கையில் விர்ரென்று சுற்றின. "பேட்டரி நல்லாத்தானே இருக்குக்கா" என்று சொல்லி மெல்லக் கீழே வைத்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஷிப்ட். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வரும் வேறொரு பெண்ணை ரிப்பேர் மேசையில் உட்கார வைத்தார்கள். நான் லைனில் நின்றேன்.