என் குரலுக்கு அடியில் மீனாட்சி டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை, முதல் பாடம் முடிவதற்குள் பள்ளி அலுவலகத்தில் டெலிபோன் அடித்தது. பேசிய பெண் மலாயில் பேசினார். மலாக்கா டெலிபோன் நிலையத்தில் மீனாட்சி டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவராம். "மீனாட்சி நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று அவளுடைய அம்மாவைக் கேட்டேன். சொல்லு என்றார்" என்றார். மஞ்சள் காமாலை. வயது நாற்பதைத் தொடவில்லை.

அரை மணி நேரத்தில் பள்ளி வாரியத் தலைவருக்கும் செய்தி போய்விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம பள்ளி ஆண்டு மலருக்கு நாலு வரி எழுதிக் குடுங்க சார். நல்ல வார்த்தையா இருக்கட்டும்" என்றார். நாலு வரியில் நல்ல வார்த்தை மட்டும் எழுத என்னால் முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

டீச்சரை அறியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் காஜா பேராங்கில் செட்டி கம்பம் என்ற குடியிருப்பில் பிறந்தவர். பல தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய இந்துக் குடும்பம். கோயில், திருநீறு, பொங்கல் எல்லாம் உண்டு. வீட்டில் பேசுவது மட்டும் மலாய். பதினெட்டு வயதுவரை டீச்சருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தந்தை இறந்தபோது மற்றவர்கள் பாடிய தமிழ்ப் பாட்டில் ஒரு வரிக்கும் பொருள் புரியாமல் நின்றதாகவும், மறுவாரமே ஒரு தமிழ் அரிச்சுவடி வாங்கியதாகவும் என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஜப்பான்காரன் போன பிறகு எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஆள் பற்றாக்குறை. பயிற்சி இல்லாத ஆசிரியராக, மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்திக்கொண்டு அவர் முதல் வகுப்புக்கு வந்தார். ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆனால் தமிழ் ஒலிகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று எங்களில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எங்களுக்கு அவை தாய்ப்பாலோடு வந்தவை. அதனால் எப்படி வருகின்றன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவரோ ஒவ்வொன்றையும் கண்ணாடி முன் நின்று தேடிப் பிடித்தவர். ஒரு நாள் சிறுமி ஒருத்தி, "டீச்சர், எங்கம்மா புலி கரைக்கச் சொன்னாங்க" என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "லட்சுமி, என் வாயைப் பாரு. புலிக்கு நாக்கு நுனி பல்லுகிட்ட இருக்கு. புளிக்கு நாக்கு மடங்கி மேலே தொடுது. உன் நாக்கு எங்கே இருக்குன்னு நீயே சொல்லு" என்றார். அந்தப் பெண் வாயைத் திறந்துகொண்டு வெகு நேரம் யோசித்தாள். பிறகு "புளி" என்றாள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் வந்த சமயத்தில் வெள்ளைக்காரர்கள் பலர் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறினார்கள். டீச்சரின் அண்ணன் ஒரு தோட்டத்துத் துரை வீட்டில் சமையல்காரர். துரை விட்டுப்போன டேப் ரிக்கார்டரை அண்ணன் தங்கையிடம் கொடுத்தார். மேசைமேல் வைத்தால் மேசையே ஆடும், அவ்வளவு கனம். டீச்சர் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்கினார். ஒரு வளையத்துக்கு ஓர் எழுத்து. ஒவ்வொன்றையும் ஒரு காலி சிகரெட் டின்னில் போட்டு, மூடிமேல் எழுத்தையும் ஒரு படத்தையும் ஒட்டினார். பிள்ளை தனக்கு வேண்டிய டின்னைத் தானே எடுக்கும். வளையம் தொய்யாமல் இன்னொரு பிள்ளை பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொள்ளும். விசையைத் திருகினால் டீச்சரின் குரல் 'ழ' என்று சொல்லும். பிறகு ஓர் இடைவெளி. பிள்ளை சொல்லிப் பார்க்கும். மறுபடி அந்தக் குரல்.

"இந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் சார் பாடம்" என்பார் டீச்சர். "நான் எதிர்ல நின்னா பிள்ளை பயப்படும். மெஷினுக்குக் கோவம் வராது. எத்தனை தடவை தப்பா சொன்னாலும் காத்துக்கிட்டு இருக்கும்."

ஆறே மாதத்தில் அந்த வகுப்பு, என் மூன்றாம் வகுப்பைவிட நன்றாக வாசித்தது. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

மலாக்கா நகரின் பண்டார் ஹிலிரில் பள்ளிகளின் கண்காட்சி வைப்பதாக அறிவிப்பு வந்தது. கல்வி அதிகாரிகள் வருவார்கள். வாரியத் தலைவர் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து இயந்திரத்தை ஓடவிட்டுக் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு, "யார் குரல் இது?" என்றார்.

"என் குரல்தாங்க" என்றார் டீச்சர்.

தலைவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "மலாய் பேசுற வீட்டுப் பொம்பளைகிட்டயா நம்ம பிள்ளைங்க தமிழ் உச்சரிப்பு படிக்குது? வெளியில தெரிஞ்சா நம்ம மானம் என்ன ஆகுறது? சார், நீங்க பேசிப் பதிவு பண்ணிடுங்க. உங்களுது மேடைக் குரல்."

ஒலி சுத்தமாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. என்னைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் பதவி அந்த ஆண்டு காலியாகவிருந்தது. வேறு காரணம் தேடி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

"குரல் மாறினா பரவாயில்லைங்க" என்றார் டீச்சர். "இடைவெளியை மட்டும் குறைச்சுடாதீங்க."

புது நாடா வாங்கித் தரவில்லை. பழைய வளையங்களிலேயே பதிய வேண்டும். அந்த இயந்திரத்தில் புதுக்குரல் ஏற ஏறப் பழைய குரல் அழிந்துகொண்டே வரும். அதை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே அவரே விசையைத் திருகினார், நான் பேசினேன். ழகரம் வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார். "சார், உங்க நாக்கு மேலே தொட்டுடுது. தொடாம நிக்கணும்." மூன்று முறை நிறுத்தினார். நான்காம் முறை, "சரி" என்றார். முப்பது டின்களும் அன்று மாலைக்குள் முடிந்தன. மூடிகளைச் சரிபார்த்து அடுக்கிவிட்டு அவர் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதில் மிகக் கவனமாக இருந்தேன்.

கண்காட்சியில் முதல் பரிசு. கூட்டத்துக்கு அலுப்புத் தட்டக்கூடாது என்று தலைவர் சொன்னதால் இடைவெளிகளையும் நான் வெட்டிக் குறைத்திருந்தேன். எழுத்தொலி இயந்திரம் கண்ட ஆசிரியர் என்று என் பெயரைச் சொல்லி மாலை போட்டார்கள். டீச்சர் கடைசி வரிசையில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நாடாக்களைப் பிரதி எடுத்து வேறு பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். அங்கே பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் என் குரல் மறுபடி வந்துவிடும். ஒரு வருஷத்தில், "மெஷின்ல பிள்ளைங்க படிக்காது" என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். எங்கள் இயந்திரமும் அலமாரிக்குள் போயிற்று.

பிறகு, பயிற்சி இல்லாதவர்கள் பயிற்சிக்குப் போக வேண்டும், இல்லையேல் விலக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பயிற்சிக்கு வாரியம் பரிந்துரைக்க வேண்டும். பட்டியலில் டீச்சர் பெயர் இல்லை. அதன் அடியில் இருந்த கையெழுத்து தலைமையாசிரியருடையது. அதாவது என்னுடையது.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் டெலிபோன் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். காப்பி கொடுத்தார். "அங்கே பரவாயில்லை சார். என் குரலைக் கேட்டுட்டு, உங்க வீட்டுல என்ன பாஷைன்னு யாரும் கேக்கிறதில்லை" என்றார். நான் தயங்கித் தயங்கி மன்னிப்பைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், மன்னிப்புக் கேக்க வந்தீங்களா? இல்லை, மன்னிச்சாச்சுன்னு கேட்டுட்டுப் போக வந்தீங்களா?"

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு உயிரோடு அவரை நான் பார்க்கவில்லை.

நேற்று காஜா பேராங்கில் அவர் வீட்டு வாசலில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். வாரியத் தலைவர் பெரிய மாலையோடு வந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். தமிழ்த்தாயின் தவப்புதல்வி என்றார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். டீச்சரின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் என் சட்டைக் கையைப் பிடித்து, "டியா சாக்காப் அப்பா?" என்று கேட்டார். தலைவர் என்ன பேசுகிறார் என்று கேட்டார்.

"உங்கள் மகள் மிகச் சிறந்த ஆசிரியை என்று சொல்கிறார்" என்றேன் மலாயில்.

அந்த அம்மா தலைவரைப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் ஏன் அவளை நிறுத்தினார்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

"நாங்கள்தான் நிறுத்தினோம். பட்டியலில் பெயரை விட்டவன் நான்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என் சட்டைக் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.

தூக்கும்போது யாரும் என்னைத் தோள் கொடுக்கக் கூப்பிடவில்லை. சந்து குறுகலானது. முன்னே அண்ணனும் உறவினர்களும், பின்னே டெலிபோன் நிலையத்துப் பெண்கள் வரிசையாகக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சாலைத் திருப்பம்வரை கடைசி ஆளாக நான் நடந்தேன்.

டீச்சர், உங்களுக்கு விடை கொடுக்கும் தகுதி எனக்கில்லை. நான்தான் உங்களிடம் விடை கேட்கிறேன். தர மறுத்தால், அதுவும் நியாயம்தான்.