கறுப்பு டப்பில் ஒரு கர்ணப் புறா

போன வாரம் கழுத்து வலி என்று வேங்கிக்காலில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். இளைஞர். என் கழுத்தை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாள் பூரா குனிஞ்சு செல்போன் பாப்பீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை டாக்டர், அண்ணாந்து பார்ப்பேன் என்றேன். எதை என்றார். புறாவை என்றேன். மருந்துச் சீட்டு எழுத எடுத்த பேனாவை அவர் மேஜையில் வைத்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மருத்துவக் கல்லூரியில் கழுத்து வலிக்குப் புறா ஒரு காரணம் என்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு மாத்திரை, ஒரு களிம்பு, ஒரு மாதத்துக்கு மேலே பார்க்கக் கூடாது என்று ஓர் அறிவுரை. முதல் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது முடியாது. ஏன் முடியாது என்று அவரிடம் சொல்லவில்லை. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

நான் வளர்ப்பது கர்ணப் புறா. பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பறந்துகொண்டே இருக்கும், திடீரென்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். ஒன்றா இரண்டா — பத்து, இருபது என்று நிற்காமல் சுழன்றபடியே கீழே இறங்கும். அந்த நேரம் சிறகு தெரியாது, தலை தெரியாது, ஒரு பந்துதான் தெரியும். அப்புறம் சட்டென்று விரிந்து, மறுபடி புறாவாகி, மேலே ஏறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். ஏன் இப்படிச் செய்கிறது? ரத்தத்தில் வருவது என்கிறார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். காலை ஆறரைக்கு அதன் உச்சியில் ஒரு துண்டு மேகம் உட்கார்ந்திருக்கும். கூண்டைத் திறந்தால் பன்னிரண்டு புறாக்களும் ஒன்றாக எழும்பும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வெயில் பக்கம் திரும்பும்போது வெள்ளை. மறுபக்கம் திரும்பும்போது ஒன்றுமில்லை. வெள்ளை... ஒன்றுமில்லை... வெள்ளை... இதைப் பார்த்துக்கொண்டே நின்றால் மணி நழுவிவிடும், கிழமை நழுவிவிடும், அடுப்பில் வைத்த பாலும் நழுவிவிடும். என் மனைவி சாந்தி கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் போகும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து, நான் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்பாள். விழுந்திருக்காது.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் ஏழுமலை. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை கிராமத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறார், மிச்ச நேரமெல்லாம் புறா. என் முதல் நாலு ஜோடியும் அவர் கூண்டிலிருந்து வந்தவைதான்.

புறாவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஆரம்பத்திலேயே அவரிடம் கேட்டேன். நீளமாக உருளுகிற புறாவைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் அப்படி ஒரு புறாவை லட்சியமே செய்யவில்லை.

"எவ்ளோ தூரம் உருளுதுனு எல்லாரும் பாக்குறாங்க சார். உருண்டு முடிச்சிட்டு எவ்ளோ சீக்கிரம் கூட்டத்துல போய்ச் சேருதுனு பாருங்க. அத வெச்சு ஜோடி போடுங்க."

தலையாட்டினேன். நமக்குத் தலையாட்டத் தெரியாதா என்ன? ஆனால் மனசு ஒப்பவில்லை. ரீல்ஸில் பாருங்கள் — புறா உருளுவது இருக்கும். மேலே ஏறிக் கூட்டத்தில் சேருவது இருக்காது. அதற்குள் வீடியோ முடிந்துவிடும், லைக் விழுந்துவிடும். நானும் அந்த லைக் போடுகிற கூட்டத்தில் ஒருவன்தானே?

என்னிடம் ஆழமாக உருளுகிற ஆண் ஒன்று இருந்தது. அதே மாதிரி பெட்டையும் ஒன்று இருந்தது. இரண்டையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக விடக் கூடாது என்று ஏழுமலை சொல்லியிருந்தார். இறக்கம் அதிகமான புறாவுக்கு நிதானமான துணையைத்தான் போட வேண்டுமாம். ஒரு பௌர்ணமியன்று, அவர் இளநீர்க் கடையில் மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நான் அந்த இரண்டையும் கூண்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் விட்டேன். நடுவில் வலை. நாலு நாளில் இரண்டும் வலையோரமாகவே நின்று கொஞ்ச ஆரம்பித்தன. ஐந்தாம் நாள் வலையை எடுத்துவிட்டேன். திருட்டுக் கல்யாணம்தான்.

அதில் பிறந்த குஞ்சு ஒன்றுதான் தங்கியது. சாம்பல் நிறப் பெட்டை. ஐந்தாவது மாதம் உருள ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றால்... அப்படி ஒரு உருளலை நான் பார்த்ததில்லை. மலைக்கு மேலே எங்கோ தொடங்கி, தென்னை மர உயரத்துக்கு வந்துதான் விரியும். சாந்தி அதற்கு ராட்டினம் என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கறுப்பு டப் வந்தது அந்தச் சமயத்தில்தான். அப்போதே எனக்குக் கழுத்து வலி உண்டு. வீடு கட்டியபோது கொத்தனார் விட்டுவிட்டுப் போன பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்று மாடியில் கிடந்தது. அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். வானம் அப்படியே உள்ளே இருந்தது! ஓரத்தில் மலை தலைகீழாக நின்றது. என் புறாக்கள் தண்ணீருக்கு அடியில், வெகு ஆழத்தில், சத்தமில்லாமல் வட்டம் போட்டன. காற்று வந்தால் மொத்த வானமும் லேசாக நடுங்கும். மறுபடி அடங்கும். அந்த நாட்களை நினைத்தால் நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்றே சந்தேகமாக இருக்கிறது.

இன்னொரு அதிசயமும் அதில் உண்டு. ராட்டினம் உருளும்போது டப்புக்குள் அது கீழே போகாது. ஆழத்திலிருந்து என்னைப் பார்த்து எழுந்து வரும். சுழன்று சுழன்று, பெரிதாகிப் பெரிதாகி, நீர்மட்டத்தைத் தொடப்போகிற மாதிரி வந்து விரியும். எனக்காகவே வருகிற மாதிரி இருக்கும்.

ஏழுமலை வந்தபோது பெருமையாக டப்பைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வானம் மேல இருக்குது சார்," என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அவரிடம் திருட்டுக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டதும் அன்றுதான். திட்டவில்லை. ராட்டினம் பறப்பதை ரொம்ப நேரம் பார்த்தார். இறக்கம் ஜாஸ்தியாகிக்கொண்டே போகிறது, இதை இனிமேல் வெளியே விட வேண்டாம் என்றார். ஒருநாள் நிறுத்தத் தெரியாமல் வந்துவிடும் என்றார். சரி சரி என்றேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோடு பக்கமிருந்து இரண்டு புறாக்காரர்கள் என் ராட்டினத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. ஏழுமலை அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படியிலேயே என் கையைப் பிடித்துத் தனியாக நிறுத்தி, "இன்னிக்கு அத மட்டும் விடாதீங்க சார்," என்றார். கெஞ்சுகிற குரல். ஆனால் வந்தவர்கள் எதைப் பார்க்க வந்திருக்கிறார்கள்? அதைத்தானே? நான் கூண்டை முழுசாகத் திறந்துவிட்டேன்.

அவர்கள் மூவரும் அண்ணாந்து நின்றார்கள். நான் வழக்கம்போல டப் பக்கத்தில், என் நாற்காலியில். நல்ல வெயில், காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அடி ஆழத்தில் கூட்டம் ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. அதிலிருந்து சாம்பல் பந்து ஒன்று பிரிந்தது. சுழன்றபடி எழுந்து வந்தது. வந்தது... வந்தது... இவ்வளவு அழகாக ஒருநாளும் வந்ததில்லை என்று நினைத்தேன். இவ்வளவு கிட்டத்திலும் வந்ததில்லை.

யாரோ "சார்" என்றார்கள். மெதுவாகத்தான்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது. மூன்று பேர் அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் அது எழுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாந்தி காயப்போட்டிருந்த ஈரப் புடவையில் மோதி, அப்புறம்தான் தரையில் விழுந்தது. உயிர் தங்கியதற்கு அந்தப் புடவைதான் காரணம். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஏழுமலை அதை உள்ளங்கையில் ஏந்தியிருந்தார். வலது சிறகு தொங்கியது. வாய் திறந்து மூடியது. சாந்தி ஓடிவந்து துண்டால் போர்த்தி வாங்கிக்கொண்டாள். யாராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கால்நடை மருத்துவர் சிறகைச் சேர்த்து வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. ராட்டினம் இனிப் பறக்காது. கூண்டுக்குள் நடக்கும், தாவி ஏறும், அவ்வளவுதான்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. மூன்று மாதம் கழித்து அதுவே ஒரு நிதானமான நீல ஆணோடு ஜோடி சேர்ந்து இரண்டு முட்டை வைத்தது. என் மனசில் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. பறக்கத்தானே முடியாது? ரத்தம் இருக்கிறதே? அதன் குஞ்சு அதைப் போலவே உருண்டு, கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டால்...

முட்டை வைத்த செய்தியைப் போனில் சொன்னேன். என் குரலிலேயே ஏழுமலை கண்டுபிடித்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து பஞ்சு சுற்றிய ஒரு தீப்பெட்டியை எடுத்தார், பெரிய தீப்பெட்டி. உள்ளே இரண்டு புறா முட்டை. அவருடைய நிதானமான ஜோடி ஒன்று அதே நாளில் வைத்தவை. மாற்றி வைத்துவிடலாம் என்றார். இந்த ரத்தம் இதோடு நிற்கட்டும் என்றார்.

இது என்ன பாவம் செய்தது என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் செய்யல சார். நிறுத்தத் தெரியாம பொறந்துச்சு. நாமதான் பொறக்க வெச்சோம்."

அவருக்குத் தெரியாமல் வலையை எடுத்தது நான் ஒருவன். அவர் 'நாம' என்றார். அதற்கப்புறம் நான் வாதாடவில்லை. நானே கையை விட்டு எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு சூடான முட்டை. ராட்டினம் என் விரலைக் கொத்தியது, நியாயமாகக் கொத்தியது. புதிய முட்டைகளை வைத்ததும் வயிற்றை அசைத்து அசைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டது. பழைய முட்டைகளை ஏழுமலை தீப்பெட்டியில் வைத்து மூடியபோது நான் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தேன்.

இரண்டில் ஒன்று பொரித்தது. பார்க்கச் சாதாரணக் குஞ்சு. ராட்டினமும் நீல ஆணும் மாறி மாறி ஊட்டி வளர்த்தன. அது கூட்டத்தோடு பறக்க ஆரம்பித்தது. எல்லாரும் உருளும்போது இது மட்டும் சும்மா பறந்தது. நானும் காத்திருந்தேன், காலையும் மாலையும் அண்ணாந்தபடியே.

டாக்டரிடம் போனதற்கு இரண்டு நாள் முன்புதான் அது நடந்தது. கூட்டம் மலைப் பக்கமாகத் திரும்பியபோது குஞ்சு லேசாகப் பின்னுக்குச் சாய்ந்தது. உருண்டது. எண்ணினேன் — ஏழு, எட்டு. விரிந்தது. ஒரு கணம் தனியாக நின்றது. அப்புறம் நேராக மேலே ஏறி, கூட்டத்துக்குள் போய், எது அது என்று தெரியாமல் கலந்துவிட்டது. வீடியோ எடுத்திருந்தால் ஐம்பது லைக் கூடத் தேறாது.

கூண்டின் வலையோரம் ராட்டினம் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயில் என்று சமாளிக்கலாம். வேண்டாம், அழுதேன்.

கறுப்பு டப் இன்னமும் மாடியில்தான் இருக்கிறது. இப்போது புறாக்கள் அதில் குளிக்கின்றன. இறங்கிச் சிறகடித்து மலையையும் மேகத்தையும் கலக்கிவிட்டுப் போகின்றன. ராட்டினத்துக்குத்தான் அதில் முதல் குளியல்.

ஆக, டாக்டர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. கழுத்து வலிக்கத்தான் செய்கிறது... ஆனால் அண்ணாந்து பார்த்தால்தான் விழுவது விழுவதாகத் தெரிகிறது.