நோட்டை வாங்கிக்கொண்ட மாரியம்மன்

எங்கள் அப்பா பரீட்சைக்குப் படித்தபோது அவருக்கு வாத்தியார் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன் என்கிற கர்வம் தலைக்கு மேல் ஏறியிருந்தது.

அப்பா மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். முந்தின மழைக்காலத்தில் சறுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. அதற்குப் பிறகு மலை ஏற முடியாமல், கொழுந்து அரைக்கிற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கினார். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு வந்து முழு நாள் வேலை செய்தால், சம்பளக் கணக்கான செக்ரோலில் ஒரு பேர் விழும். மத்தியானத்தோடு நின்றவர்களுக்கு அரைப் பேர். குச்சி பொறுக்குகிறவர்களுக்கு எந்நாளும் அரைப் பேர்தான். இப்படிப்பட்ட ஆளை எத்தனை நாள் வைத்திருப்பது என்று பெரிய கங்காணி யோசிக்க ஆரம்பித்தார். எங்களைக் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் உள்ள சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று லயமெல்லாம் பேச்சு. ஊரில் எங்களுக்கு ஒரு கூரைகூடக் கிடையாது. நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயத்தில் உதவிக் கணக்கப்பிள்ளை வேலை காலியாயிற்று. ஆபீசில் பெரிய கிளாக்கர் ஐயாவைக் கொண்டு பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுப்பேன் என்று துரை சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். போதாததற்கு, அந்த வேலையை விட்டு வேறு தோட்டத்துக்கு மாறிப்போனவர் விட்டுப்போன நோட்டு ஒன்றும் கைக்கு வந்திருந்தது. அதில் நாற்பது கணக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே விடை.

அப்பா படிப்பை முறையாக ஆரம்பித்தார். முதல் வாரம் முழுவதும் காகிதத்தில் சிவப்பு மையால் கோடு போட்டார். அழகான கோடுகள். பிறகு நோட்டை நாலைந்து தடவை வாசித்தார். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்ததாகவே இருந்தது அவருக்கு. அரிசிக் கணக்கு நீளமாக இருந்ததால், "அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒதுக்கிவிட்டார். அதன் பிறகுதான் என்னை வாத்தியாராக்கினார்.

சாயங்காலத்தில் நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். முதல் கணக்கு எப்போதும் முதலில். வரிசை மாற்றுவது மரியாதையில்லை என்று எனக்கு எண்ணம். "காலைப் பெரட்டுக்கு முப்பத்திரண்டு பேர் வந்தார்கள், அதில் ஏழு பேர் மத்தியானத்தோடு…" என்பதற்குள் அப்பா "இருபத்தெட்டரை" என்பார். விடையைப் பார்ப்பேன். இருபத்தெட்டரைதான். என் அப்பாவைப் போல ஒரு கெட்டிக்காரர் இரத்தினபுரி வரைக்கும் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்படியில் ரொட்டி தட்டுவாள். ஒரு நாள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, இன்னைக்கி பெரட்டுக்கு முப்பத்தாறு பேரு வந்தோம். அஞ்சு பேரு மத்தியானத்தோட போயிட்டாங்க. இப்ப எத்தன பேரு விழும்?"

"இருபத்தெட்டரை," என்றார் அப்பா, யோசிக்காமல்.

நான் நோட்டைப் பார்த்துவிட்டு, "சரி" என்றேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரொட்டி கருகிப்போனது.

மறுநாள் சாயங்காலம் நோட்டைக் காணவில்லை. அப்பா பெட்டி படுக்கையெல்லாம் உதறினார். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டேங்க. பரீச்ச முடியிற வரைக்கும் நோட்டு ஆத்தா காலடியிலதான் இருக்கணும். எடுத்தா தெய்வக் குத்தம்."

அப்பா குதித்தார். பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, குடியைக் கெடுத்துவிட்டாயே என்று கத்தினார். ஆனால் அம்மை போட்டுப் பிழைத்து எழுந்தவர் அவர். மாரியம்மனோடு மோத அவருக்குத் தைரியம் கிடையாது.

நோட்டு இல்லாத வாத்தியார் எதற்கு ஆவாள்? என் வேலை போயிற்று. அந்த இடத்துக்கு அம்மா வந்தாள். தினமும் மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கும் முன்னாலேயே ஒப்பிப்பாள். நாற்பத்தொரு பேர் வந்தோம், ஒன்பது பேர் மழையோடு இறங்கிவிட்டார்கள், இன்னார் கூடையில் இத்தனை றாத்தல், இன்ன வீட்டுக்கு இத்தனை கொத்து அரிசி. அப்பா ஒரு பெட்டிப் பலகையில் கரியால் போட்டுப் பார்ப்பார். சரியா தப்பா என்பது அன்றைக்குத் தெரியாது. மறுநாள் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை முந்தின நாள் கணக்கை வாசிப்பதைக் கேட்டுவந்து அம்மா சொல்ல வேண்டும்.

முதல் நாள் அப்பா முப்பத்திரண்டு என்றார். முப்பத்தாறரை என்று வந்தது. அரைப் பேரையெல்லாம் மறந்தே போயிருந்தார், அரைப் பேரில் சாப்பிடுகிற மனிதர்! மூன்றாம் நாள் அரிசிக் கணக்கில் கரியைத் தூக்கி எறிந்தார். "நோட்டு இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றார். அம்மா கரியைப் பொறுக்கி வந்து பலகைமேல் வைத்துவிட்டு ரொட்டி தட்டப் போனாள். ஆறாம் நாள் சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள்தான் தப்பாகப் போட்டார்.

பரீட்சையன்று நானும் அம்மாவும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றோம். திருப்பத்தில் அப்பா தெரிந்தார். நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்; ஊன்றுகோல் தலைக்கு மேல் சுழன்றது.

"கெடச்சிருச்சு புள்ள!" என்று மூச்சு வாங்கினார். "நோட்டுல உள்ளது ஒண்ணுகூட வரல. எல்லாத்தயும் ஆளு மாத்தி, எண்ணிக்க மாத்திக் கேட்டுட்டாரு பெரிய கிளாக்கர் மாத்தயா."

"அப்படீங்களா?" என்றாள் அம்மா. பிறகு கூடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். இனிக் கப்பல் இல்லை என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒரு மாதம் போயிற்று. வேண்டுதலுக்கு எப்போது பொங்கல் வைப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். "எந்த வேண்டுதலு?" என்றவள், சட்டென்று திரும்பி அடுப்பை ஊதினாள். ஆத்தா கடன் வைத்தால் சும்மா விடமாட்டாள் என்று சொல்லி வளர்த்தவளே இப்படி இருக்கிறாளே என்று எனக்கு நடுக்கம். சில நாள் தலைமாட்டில் வேப்பிலை வைத்துக்கொண்டு படுத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் தகரப் பெட்டியைக் குடைந்தபோது, அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக்குள் அந்த நோட்டு இருந்தது. ஒரு பொட்டுக் குங்குமமில்லை, எண்ணெய்க் கறை இல்லை. மாரியாத்தாள் நாற்பது கணக்கையும் படித்து முடித்துவிட்டு, எங்கள் வீட்டில் தானே கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று மெய்சிலிர்த்துப் போனேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். அம்மாவுக்கு இது தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று அவளிடம் மட்டும் சொல்லவே இல்லை.