தேய்ந்தால்தான் நல்ல கட்டி

படகு மோட்டார் ரிப்பேர் என் தொழில் என்று சொன்னால், "கொடைக்கானல்ல கடல் எங்கேங்க இருக்கு?" என்று கேட்காத ஆள் இன்னும் பிறக்கவில்லை. கடல் இல்லை, ஏரி இருக்கிறது. ஏரி இருந்தால் படகு இருக்கும், படகு இருந்தால் அதை அரித்துத் தின்ன ஒன்று தானாக வந்து சேரும். கெய்சர், பம்புசெட், வாசல் கேட் என்று எதையாவது துருவிடமிருந்து காப்பாற்றப் பாடாய்ப்படும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

படகுக்குப் பின்னால் தொங்கும் மோட்டாரின் அடிப்பாகத்தை நாங்கள் கால் என்போம். தண்ணீருக்குள்ளேயே கிடப்பது அது. கால் அலுமினியம், அதில் சுற்றும் விசிறி ஸ்டீல். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றால் இளைத்தது கரையும். அதனால் இன்னும் இளைத்த உலோகத்தில் ஒரு துண்டைக் காலில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவோம். அரிப்பு முதலில் அதைத் தின்னும், காலை விட்டுவிடும். ஆனோட் என்று அதற்குப் பெயர். அட்டுவம்பட்டியில் என் பட்டறையிலும் ஏரிக்கரையிலும் வெறும் 'கட்டி'தான்.

கீழக்கரைச் சீதனம்

ஹனீபா பாய் ஏரியில் படகு விடுகிறவர். மிதிபடகும் துடுப்புப் படகும் நிறைய உண்டு, மோட்டார் படகு ஒன்றே ஒன்று. நடு ஏரியில் யாராவது மாட்டிக்கொண்டால் இழுத்து வருவதற்கு அது. கீழக்கரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன பாய், அங்கே படகுக்காரர்களிடம் விசாரித்து துத்தநாகக் கட்டி ஒன்றை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். "நல்ல தண்ணிக்கு இது ஆகாது பாய், மக்னீசியம்தான் வேணும்" என்றேன். கேட்டால்தானே. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் ஒழுங்காக வேலை பார்க்கும். நம் ஏரியில் மேலே ஒரு தோல் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அடுத்த சர்வீசுக்குப் படகைக் கரையேற்றினோம். கட்டி போட்ட மேனிக்கு இருந்தது. காலில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாய்க் கிடந்தது. பாய்க்கு ஏகப் பெருமை, கட்டியைத் தடவிக்கொடுத்தார். அது தேய்ந்திருக்க வேண்டும், தேயவில்லை என்பதுதான் கோளாறு என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தேயாத பொருளைக் குறை சொல்ற மெக்கானிக்கை இப்பத்தான்யா பாக்குறேன்."

ஆயுத பூஜை அலங்காரம்

ஒருவழியாக மக்னீசியம் போட்டேன். பிடித்தது அடுத்த சனி. மோட்டார் படகை ஓட்டும் தங்கராசு கிளாவரைக்காரர். காய்கறி ஜீப் கவிழ்ந்து வலது தோள் முறிந்தவர். துடுப்புப் போட முடியாது, மூட்டை தூக்க முடியாது, இந்த மோட்டாரை விட்டால் அவருக்கு வேறு சோலி கிடையாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வெள்ளனே எழுந்து, மோட்டாரைக் கழுவித் துடைத்து, தலையிலிருந்து கால் வரை வெள்ளி பெயின்ட் அடித்துவிட்டார். கட்டிக்கும் சேர்த்துத்தான். பெயின்டுக்குள் கட்டி பத்திரமாக இருந்தது. மற்ற இடங்களில் பெயின்ட் உரிய உரிய, அரிப்பு நேராகக் காலைத் தின்றது.

சீசனுக்கு முன்னால் கியர் ஆயிலை இறக்கினால் மோர் மாதிரி வருகிறது. சீல் உட்காரும் இடம் அரித்துப்போய் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. பாய்க்கு வந்ததே கோபம். இந்தச் சீசன் தாங்கவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தங்கராசு முகத்தில் ஈயாடவில்லை. கட்டியைச் சுரண்டிக்கொண்டே, "ஏன்யா இதுக்கும் அடிச்ச?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் அடிச்சுட்டு இது ஒன்னை மட்டும் அழுக்கா எப்படிண்ணே சாமி முன்னாடி நிறுத்துறது?"

வீட்டுக்காரம்மா புகார்

அரித்த இடத்தில் வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து, புதுச் சீல் போட்டேன். புதுக் கட்டியைப் பெயின்ட் துளிகூட இல்லாத வெற்று உலோகத்தில் உட்கார வைத்தேன். அதற்கப்புறம் தங்கராசு அதை விட்டு அசையவில்லை. காலையில் வந்ததும் மோட்டாரைத் தூக்கி நிறுத்திக் கட்டியைத் தடவிப் பார்ப்பார். தேய ஆரம்பித்த அன்று எனக்கு போன் போட்டு, பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். அவர் மனைவி ஜெயா ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறவர். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் காய்ச்சல்னா ஏன்னு கேக்க மாட்டாருண்ணே. அந்தக் கட்டி எம்புட்டு தேஞ்சிருக்குன்னு தெனமும் சோத்துல கை வைக்கிறப்ப சொல்றாரு."

மூட்டத்துக்குள் ஒரு சத்தம்

மே மாதம், நல்ல கூட்டம். மதியம் திடீரென்று மூட்டம் இறங்கி, காற்றும் சேர்ந்துகொண்டது. எல்லாப் படகும் திரும்ப, ஒரு மிதிபடகு மட்டும் வரவில்லை. கரூரிலிருந்து வந்த அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண். மிதி அறுந்துவிட்டது, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று அந்த அப்பா போனில் கத்துகிறார். துடுப்புப் படகில் போனவர்களைக் காற்று திருப்பி அனுப்பிவிட்டது. தங்கராசு இடது கையால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். மோட்டார் உடனே பிடித்துக்கொண்டது.

படகு மூட்டத்துக்குள் மறைந்தது, சத்தம் மட்டும் கேட்டது. பாய், ஜெயா, நான் மூன்று பேரும் கரையில் நிற்கிறோம். தூரத்தில் சத்தம் நின்றது. "கால் விட்டுருச்சா?" என்று பாய் என் கையைப் பிடித்தார். வெல்டிங் என்னுடையது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சத்தம் வந்தது. ஆட்களை ஏற்றத்தான் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார் மனுஷன். கரூர்க்காரர்கள் மூன்று பேரும் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா தங்கராசு கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு மட்டும் இறங்க மனசில்லை.

"அப்பா, நாளைக்கும் இந்த போட்டுலயே கூட்டிட்டு வரச் சொல்லுங்கப்பா."

மறுபடியும் ஆயுத பூஜை

சீசன் முடிந்து காலைக் கழற்றிப் பார்த்தேன், புதுக் குழி ஒன்றுகூட இல்லை. கட்டியை மாற்றிக் கொடுத்தேன். பூஜைக்கு முன்னால் தங்கராசு புதுக் கட்டிக்குத் துணி சுற்றிவிட்டுத்தான் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். அதில் சந்தனம் வைக்கக்கூட யாரையும் விடவில்லை. பழைய கட்டி, எலி கடித்த கருப்பட்டி மாதிரி, வாழையிலையில் ஸ்பானருக்குப் பக்கத்தில் குங்குமத்தோடு இருந்தது.

வருஷா வருஷம் பொரிகடலை வாங்கித் தருகிறவர் பாய்தான். பையை ஜெயாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து அந்தக் கட்டியைப் பார்த்தார். எடைக்குப் போடும் பேச்சை எடுப்பாரோ என்று தங்கராசு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய் என் பக்கம் திரும்பினார்.

"கட்டி போயிருச்சு, மோட்டாரு இருக்கு, தங்கராசு இருக்கான். அடுத்த வருசத்துக்கும் ஒன்னு சொல்லி வச்சிருங்க மெக்கானிக்."

விற்ற பொருள் தேய்ந்து போனதற்காக வாங்கினவரே சந்தோஷப்படும் தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அதில் என்னைக் கொண்டுவந்து போட்ட ஆண்டவனுக்கு ஒரு கும்பிடு.