ஆளுக்குப் பாதி

என்னைத் தலாக் சொன்னவர் அதே வீட்டில்தான், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார். ராயபுரத்தில் என் அத்தா கட்டிய வீடு அது. மாப்பிள்ளை மனம் குளிரட்டும் என்று நிக்காஹ் நாளிலேயே எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்தார். அந்த வெகுளித்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே ஓடியபோது இந்த மாப்பிள்ளைதான் முதல் ஆளாக மூட்டை கட்டினார். நானும் அம்மாவும்தான் வீட்டைக் காத்துக் கிடந்தோம்.

தலாக்குக்குப் பின் காத்திருக்கும் மூன்று மாத இத்தா முடிந்த மறுநாள், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பாகம் பிரிக்க வந்தார். வீடு ரயில்பெட்டி போல நீளம். முன்னால் தெருவாசல், பின்னால் கக்கூஸ் அள்ளத் தோட்டி வரும் சந்து. முத்தவல்லி கயிறு பிடித்து அளந்து, நட்டநடுவில் குறுக்கே கரிக்கோடு போட்டார். முன்பாதி தலாக் சொன்னவருக்கு, பின்பாதி எனக்கு.

கதவுக்குப் பின்னால் நின்று, “எனக்குத் தெருவாசல் வேணும் பாய்” என்றேன். அது ஒன்றைத்தான் கேட்டேன்.

“கோஷா பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா தெருவாசல்? சரிபாதியா கீது, அத்தோட வுடு” என்று சிரித்தார்.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர், என்னைத் தலாக் சொன்ன இவர். சரக்குப் பெட்டிகளை உடைத்த பலகைகளைக் கொண்டுவந்து கோட்டின்மேல் தடுப்பு அடித்தார். அன்றுமுதல் நானும் அம்மாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்து வழியாகவே போய்வந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா மௌத்தானாள். மையத்தை எடுக்கப் பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். சந்து முனையில் அது திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தலைக்குமேல் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் முத்தவல்லி வியர்த்து வடிய என்னிடம் வந்தார்.

“மையத்த எப்டிம்மா எடுக்கறது? வேற வயி கீதா?”

“நீங்க கோடு போட்ட வூடுதானே பாய். வயி எங்க கீதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை.

தடுப்பில் நான்கு பலகையைப் பெயர்த்தார்கள். இவர் மறுக்கவில்லை, ஊர் பார்க்கிறதே. அந்த இடைவெளியில் தெருவாசல் தெரிந்தது, தெருவின் வெயில் தெரிந்தது. அம்மா அந்த வழியாகப் போனாள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று அழுதேன்.

அடக்கம் முடிந்து, அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். முத்தவல்லி பலகையைப் பிடித்துக்கொள்ள, இவர் பழைய ஆணிகளையே நிமிர்த்தி அடித்தார்.